வலது பக்கத்துக் குரல்

நவகன்னியர் இல்லம்,
சிறுமலை அடிவாரம்,
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவின் அமைதி நம் வீட்டில் எல்லோரோடும் இருப்பதாக. நான் நலம். அப்பாவின் முட்டிவலி, அம்மாவின் பிரஷர், உன் வாய்க்கொழுப்பு மூன்றும் எப்படி இருக்கின்றன? முதல் இரண்டும் குறைய வேண்டும் என்று செபிக்கிறேன். மூன்றாவதற்கு என் செபம் போதாது.

கன்னியர் மடத்தில் சேர்ந்த முதல் வருடம் போன் கிடையாது என்று புறப்படும்போதே சொன்னேன் அல்லவா? கடிதம் மட்டும்தான். வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் எங்கள் மதர் ஃபிலோமினா படித்துவிட்டுத்தான் தருவார். அதனால் கொஞ்சம் மரியாதையாக எழுது.

அதிகாலை செபம், தோட்டம், பெரிய பெரிய அண்டா கழுவுவது எல்லாம் பழகிவிட்டது. பழகாதது பாட்டு ஒன்றுதான். கோயில் பாட்டு நாள் முழுக்கப் பாடுகிறோம், நான் சொல்வது உன் பாட்டு. அண்ணனூரில் ரயில் ஏறி சென்ட்ரல் போகிற வரைக்கும் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதாக மாட்டிக்கொண்டு போவோமே, அது. எனக்கு இடது, உனக்கு வலது. மூன்று வருடம் காலேஜ் போயும் உன் ஈரச் சிமெண்ட்காரர்களின் பாட்டுகளில் இடது பாதிதான் எனக்குத் தெரியும். வலது பாதியில் என்ன ஓடுகிறது என்று நீதான் ரயில் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்வாய்.

'மூணாம் கேட்' பாட்டுக்கு நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? என் பக்கத்தில் ஒருத்தன் "யாராச்சும் கீறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பதிலே வராது. "பாவம்ணா, யாருமே இல்ல போல" என்று நான் சொன்னேன். "அடி லூசு, என் பக்கம் ஒரு பொண்ணு 'கீறேன்'னு சொல்றாடி" என்றாய். கொரட்டூர் வரைக்கும் நான் நம்பவில்லை. கடைசியில் உன் பக்கத்தைப் பிடுங்கி என் காதில் வைத்தாய். சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது.

மாதம் ஒரு பாட்டாவது எழுதி அனுப்பு. வலது பாதியை மறக்காதே.

உன் தொல்லைகளையும் சேர்த்து செபத்தில் நினைக்கும்,
பெனிஷா

*

அண்ணனூர்,
20 ஜூலை 2025

அன்புத் தங்கை பெனிக்கு,

முதலில் மதருக்கு வணக்கம். மதர், இதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, தைரியமாகப் படிக்கலாம்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பா வழக்கம்போல ரயில் கார்ஷெட்டில் ஸ்பானரோடும் வீட்டில் என்னோடும் மல்லுக்கட்டுகிறார். என் திருமழிசை வேலையும் அப்படியேதான். தகடு வெட்டுகிற பிரஸ்கள் பக்கத்தில் நின்று அளவு பார்க்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். காதை அடைக்க ஸ்பஞ்ச் கொடுக்கிறார்கள். எனக்கு அது எதற்கு? இயர்போனை மாட்டி, மெஷினை மீறிக் கேட்கிற அளவுக்கு ஃபுல்லாக வைத்துவிடுவேன். வீட்டுக்கு வந்தும் கழற்றுவதில்லை. நேற்று அப்பா கத்தினார்: "டேய், அந்த எழவு ஒயர கழட்டுடா. ஒரு நாளு காது பூடும். அப்பால குத்துதே குடையுதேன்னு எங்கிட்ட வராத, சொல்ட்டேன்."

நீ கேட்ட வலது பாதி. 'ஈரத்துணி' பாட்டை எடுத்துக்கொள். உன் பக்கத்தில் குரலும் பேஸ் கிடாரும். என் பக்கத்தில் இன்னொரு கிடார், அதில் ஒரு கம்பி சுருதி சேராமல் கொஞ்சம் இறங்கியே இருக்கும். விரல் நகரும்போது கம்பி கீச்சிடும். வாசிக்கிறவனுடைய சட்டைப் பட்டன் மரத்தில் உரசுகிற சத்தம்கூடக் கேட்கும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் யாரோ இருமுவார்கள். அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

எனக்கு இவர்களை ஏன் பிடிக்கிறது என்று என் சிநேகிதன் சரண் அடிக்கடி கேட்பான். சினிமாப் பாட்டில் எல்லாவற்றையும் துடைத்து மினுக்கி வைத்திருப்பார்கள். இவர்கள் வானகரத்தில் ஒரு ஷட்டர் கடைக்குள் உட்கார்ந்து, நம் வீட்டில் பேசுகிற மாதிரியே பாடி, தப்பையும் அப்படியே வைத்துவிடுகிறார்கள். அந்த இருமலைக் கேட்டால், பரவாயில்லை, நாமும் இப்படியே இருக்கலாம் என்று தோன்றும். ஷில்லாங்கில் நவம்பர் கிச்சன் என்று ஒரு பேண்ட், அவர்கள் இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியாது. இருந்தும் பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதிருக்கிறேன். இதை அப்பாவிடம் சொல்லிவிடாதே.

அடுத்த மாதம் ஈரச் சிமெண்டின் புது ஆல்பம் வருகிறது. முழுசாக எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
அலெக்ஸ்

*

சிறுமலை அடிவாரம்,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே மழை, சளி, மற்றபடி நலம்.

மதர் உன் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "யாரும்மா இந்த ஈரச் சிமெண்ட்? கட்டட வேலை செய்றவங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாட்டுக்காரர்கள் என்றேன். "அப்ப ஏன் அந்த இருமலை எடுக்கல?" என்று கேட்டார். நீ எழுதியதையே சொன்னேன். அவர் யோசித்துக்கொண்டே போனார். மறுநாள் பூசையில் சிஸ்டர் ஒருவர் இருமியபோது மதர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இயர்போனை இவ்வளவு சத்தமாக வைக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அப்பா கத்துவதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது அண்ணா. குறைத்து வை.

புது ஆல்பம் வந்ததும் இரண்டு பாதியும் எழுது. காத்திருப்பேன்.

அப்பா அம்மாவுக்கு என் முத்தங்கள்.

பெனிஷா

*

அண்ணனூர்,
24 ஆகஸ்ட் 2025

அன்பு பெனிக்கு,

சுகம்தானே? சளி போய்விட்டதா? இங்கே எல்லோரும் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஒரு நாள் காலையில் எழுந்தபோது கட்டில் சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அம்மா பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தாள். இரண்டு நாள் லீவு போட்டேன், இப்போது சரியாகிவிட்டது.

அதே சமயம் பார்த்து என் இயர்போனும் போய்விட்டது. வலது பக்கம் சுத்தமாக அவுட். ஆல்பம் வந்த நாளிலேயே இப்படி! அம்பத்தூர் ஓ.டி.யில் புதுசு வாங்கினேன். அதிலும் வலது பக்கம் வேலை செய்யவில்லை. கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன். அவன் தன் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே பாட்துண்ணா, இன்னா வோணும் ஒனக்கு?" என்று ஒரு மாதிரி பார்த்தான். திரும்பி வீட்டுக்கு வரும் வழியில் மறுபடி கெட்டிருக்கும். எல்லாம் டூப்ளிகேட்.

ஆல்பம் நன்றாக இருக்கிறது. டிரம்ஸ் அருமை. குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. கிடார் இந்தத் தடவை குறைச்சல் என்று நினைக்கிறேன். சரண் கேட்டுவிட்டு, கிடார்தான் தூக்கல் என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

நல்ல இயர்போன் கிடைத்ததும் மறுபடி கேட்டு விவரமாக எழுதுகிறேன். இப்போது கை ஓடவில்லை.

அண்ணன்,
அலெக்ஸ்

*

சிறுமலை அடிவாரம்,
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் தலைசுற்றல் திரும்ப வந்ததா? உண்மையைச் சொல்.

போன ஞாயிறு பார்வையாளர் நாள். அம்மா முறுக்கும் அதிரசமும் தூக்கிக்கொண்டு ஒரு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். எல்லாம் பேசினோம். உன்னைப் பற்றித்தான் ஒரே புகார். "அவனுக்குத் திமிரு ஏறிப்போச்சுடி பெனி. பக்கத்துல நின்னு கூப்ட்டாலும் திரும்ப மாட்டேன்றான். காதுல ஒயரு இல்லாதப்பகூட. இன்னாடா, ஒன்னதான் கூப்டுறேன்னு தோள தொட்டா அலறிகினு குதிக்கிறான். சாப்டும்போது டி.வி.க்கு அந்தாண்ட போயி ஒக்காந்துக்குறான்."

அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணா, கடைக்காரன் காதில் வேலை செய்த இயர்போன் உன் காதில் ஏன் வேலை செய்யவில்லை? புது ஆல்பத்தில் எந்தப் பக்கம் எது வருகிறது என்று ஏன் எழுதவில்லை? நீ எப்போதும் அதைத்தானே முதலில் எழுதுவாய்?

சும்மா கேட்கிறேன். பதில் போடு.

பாசமுள்ள தங்கை,
பெனிஷா

*

அண்ணனூர்,
21 செப்டம்பர் 2025

அன்பு பெனிக்கு,

சுகம். எல்லோரும் சுகம். மதருக்கு வணக்கம்.

அம்மா எதையாவது பெரிசாக்குவாள், உனக்குத் தெரியாததா? வேலைக் களைப்பு, அவ்வளவுதான். இயர்போன் சரியாகிவிட்டது. தலைசுற்றல் இல்லை.

பாட்டு அதிகம் கேட்பதில்லை. ஷிஃப்ட் மாறிவிட்டது, நேரமில்லை. 'மூணாம் கேட்' மட்டும் ஒரு நாள் போட்டேன். நீ அன்றைக்கு ரயிலில் சொன்னதுதான் சரி. அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அலெக்ஸ்

*

சிறுமலை அடிவாரம்,
28 செப்டம்பர் 2025

அண்ணா,

நலம் விசாரிக்கிற வார்த்தைகளை இன்று எழுதப் போவதில்லை. நீ நலமாக இல்லை.

அவள் பதில் சொல்கிறாள். நானே கேட்டேன், உன் கையால் என் காதில் வைத்தாய். வலது பக்கத்தில், அவன் மூன்றாவது தடவை கேட்டு முடித்ததும், மெதுவாக "கீறேன்" என்பாள். அதற்காக என்னோடு சண்டை போட்டவனே நீதான். இப்போது யாரும் பதில் சொல்லவில்லை என்று எழுதுகிறாய்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைசுற்றல், இரண்டு இயர்போன், அதே வலது பக்கம், அம்மா கூப்பிட்டும் திரும்பாதது, கிடார் குறைச்சல் என்றது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன்.

நீ இப்போது எனக்கு எழுதுவதெல்லாம் இடது பாதி. என் பாதி.

உன் வலது காது கேட்கிறதா? ஆம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும். மதர் படித்தால் படிக்கட்டும்.

பயந்துபோன உன் தங்கை,
பெனிஷா

*

சிறுமலை அடிவாரம்,
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் இல்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தோட்டத்துக் கேட் பக்கமே களை பிடுங்குகிறேன். அங்கே பிடுங்குவதற்கு இப்போது ஒரு புல்லும் மிச்சமில்லை.

மாலைச் செபத்தில் யாருக்கும் தெரியாமல் முக்காட்டுக்குள் விரலை விட்டு வலது காதை அடைத்துப் பார்த்தேன். எல்லாரும் பாடுவது ஒரு பக்கம் மட்டும் வந்தது. வலது பக்கம் நின்ற சிஸ்டர் என்னவோ கேட்டிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. அவர் என் தோளைத் தொட்டபோது நானும் அலறிவிட்டேன். அம்மா சொன்னதுபோலவே. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ரோட்டை எப்படிக் கடக்கிறாய் அண்ணா? அண்ணனூர் கேட்டில் தண்டவாளத்தை எப்படிக் கடக்கிறாய்? உன் வலது பக்கத்திலிருந்து வண்டி வந்தால் உனக்கு எப்படித் தெரியும்? இதை நினைத்துத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. கோபப்படு, திட்டு, என்ன வேண்டுமானாலும் செய். எழுது.

பெனிஷா

*

அண்ணனூர்,
21 அக்டோபர் 2025

பெனி,

நேற்று தீபாவளி. எதிர்வீட்டு கன்னியம்மாள் அக்காவின் பேரப்பிள்ளைகள் தெருவில் வெடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கொடுத்த சுழியன் தட்டை வாங்கிக்கொண்டு நான் திரும்பினேன். எல்லோரும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். ஹேப்பி தீபாவளி சொல்கிறார்கள் என்று நினைத்து நானும் ஆட்டினேன். என் வலது காலடியில் அணுகுண்டு வெடித்தது. சத்தம் எங்கோ தூரத்தில், இடது பக்கத்திலிருந்து கேட்டது. கால் சுட்டது. குனிந்து பார்த்தால் பேன்ட்டில் ஓட்டை. அக்கா ஓடிவந்து, "டேய் அலெக்ஸூ, அம்மாந்தூரம் கத்துறோம், காது கேக்கலியா ஒனக்கு?" என்றாள்.

இல்லை, பெனி. கேட்கவில்லை.

தலை சுற்றிய அன்று காலையிலிருந்தே அந்தப் பக்கம் அடைத்துக்கொண்டது. அழுக்காக இருக்கும், சளியாக இருக்கும் என்று விட்டேன். இயர்போன் மேல் பழி போட்டேன். கடைக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்து, மொட்டை மாடியில் நின்றுகொண்டு இயர்போனை மாற்றிப் போட்டேன். வலது பக்கத்து முனையை இடது காதில். பாட்டு வந்தது. கிடார், கம்பி கீச்சிடுகிற சத்தம், எல்லாம் வந்தது. இயர்போனுக்கு ஒன்றும் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த பயம் இருக்கிறதே, அதை எழுதத் தெரியவில்லை. சட்டென்று கழற்றி, முன்னால் இருந்த மாதிரியே மாட்டிக்கொண்டேன். பார்க்காத மாதிரி. அதோடு மாற்றிப் போடவே இல்லை.

இப்போது ராத்திரி முழுக்க அந்தக் காதுக்குள் பிரஷர் குக்கர் விசில் மாதிரி ஓடுகிறது. வெளியே ஒன்றும் கேட்காது, உள்ளே மட்டும் அது. காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக இடது காது பக்கம் விரலை உரசிப் பார்க்கிறேன். கேட்டால்தான் எழுந்திருப்பேன். ஒரு நாள் கேட்காமல் போனால்?

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்பாய். போனால் இயர்போனைப் பற்றிக் கேட்பார். இனிமேல் பாட்டே கூடாது என்பார். எனக்கு வேறு என்ன இருக்கிறது சொல்? நான் வாசிக்கிறவன் இல்லை, பாடுகிறவன் இல்லை. கேட்கிறவன். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் யார்? அப்புறம் அப்பா. வருஷக்கணக்காகக் கத்தினார். அவர் முகத்தைப் பார்த்து, நீ சொன்ன மாதிரியே ஆகிவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? செத்துவிடலாம் போல இருக்கிறது என்று எழுதினால் நீ பயப்படுவாய், அதனால் எழுதவில்லை.

உனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் சொன்னேன். வீட்டுக்குச் சொல்லாதே. நம் அம்மா மேல் சத்தியமாகச் சொல்லாதே. இது உனக்கும் எனக்கும் மட்டும்.

அலெக்ஸ்

*

சிறுமலை அடிவாரம்,
27 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். என்மேல் நீ கொலைவெறியில் இருப்பாய். இருந்தாலும் எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

உனக்கும் எனக்கும் மட்டும் என்று எழுதியிருந்தாய். என் முட்டாள் அண்ணா, எங்களுக்கு வரும் கடிதத்தை மதர் படிப்பார் என்பதையே மறந்துவிட்டாய். முதல் கடிதத்தில் அவருக்கு வணக்கம் வைத்தவன் நீதான். அவ்வளவு பயத்தில் இருந்திருக்கிறாய் என்று அதிலேயே புரிந்துகொண்டேன்.

மதர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உன் கடிதம் மேசையில் இருந்தது, பக்கத்தில் டெலிபோன். "படிம்மா" என்றார். படித்தேன். அழுதேன். "இவன் அம்மா மேல சத்தியம் வச்சிருக்கான் மதர்" என்றேன். "சத்தியம் வச்சது அவன்தான், நீ எதுவும் கொடுக்கல. நீ பேசுறியா, நான் பேசட்டுமா?" என்றார். எழுதவில்லை என்று நீ எழுதிய அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்.

நான்தான் பேசினேன். எண்ணை அழுத்தும்போது இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். அப்பா எடுத்தார். என் குரலைக் கேட்டதும், "பாப்பா? இன்னாம்மா, இன்னா ஆச்சு ஒனக்கு?" என்று பதறினார். எனக்கு ஒன்றும் இல்லை, அண்ணனுக்கு என்றேன். முழுசாகச் சொன்னேன். "எங்கிட்ட சொல்ல இன்னாம்மா பயம் அவனுக்கு?" என்றார். பிறகு அவரே, "நான் கத்திகினே இருந்தேன்ல. அதான்" என்றார். அப்பா அழுது நான் கேட்டதே இல்லை அண்ணா. அன்றைக்குக் கேட்டேன். "இப்பவே திருமழிசைக்குப் போறேன், கம்பெனி வாசல்ல நின்னு கூட்டிகினு வரேன்" என்று போனை வைத்துவிட்டார்.

இத்தனை நாள் தாமதமாகிவிட்டதே, இனி என்ன ஆகுமோ தெரியவில்லை. இடது காதையாவது ஆண்டவர் விட்டுவைக்க வேண்டும். நீ என்னோடு பேசவே வேண்டாம். ஆனால் டாக்டர் சொல்வதைக் கேள்.

உன் சத்தியத்தை மீறிய,
பெனிஷா

*

அண்ணனூர்,
14 டிசம்பர் 2025

அன்புத் தங்கை பெனிக்கு,

நீ நலமா? மதர் நலமா? இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. முதல் வாரம் கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு பயம். ஒவ்வொரு டெஸ்ட்டும் முடியட்டும், நல்ல செய்தியோடு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அன்று ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் கம்பெனி வாசலில் அப்பா, கார்ஷெட் சட்டையோடு. ஒன்றும் கேட்கவில்லை. என் இடது பக்கம் வந்து நின்றுகொண்டு, "வா, ஆஸ்பத்திரி போலாம்" என்றார். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஹெட்போனை மாட்டப் பயந்தேன். இடது பக்கம் கேட்டது, அழுத்தினேன், அழுத்தினேன். அப்புறம் வலது பக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் என்னென்னவோ திருகிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆரம்பித்துவிட்டாளா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அவள் பின்னால் அப்பா நின்று என் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகவாவது ஒரு தடவை பொய்யாக அழுத்திவிடலாமா என்று நினைத்தேன்.

முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். காதுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தலையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். ரிசல்ட் வருகிற வரைக்கும் நம் வீட்டில் யாரும் சோறு தின்னவில்லை. கட்டி இல்லை. எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம், கிருமியாகவும் இருக்கலாம், சத்தமாகவும் இருக்கலாம். வலது காதில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ டி.வி. பார்க்கிற அளவு. இதற்கு மேல் வராது. இடது காது நன்றாக இருக்கிறது. வேலையில் இயர்போன் கூடவே கூடாது, சத்தம் உள்ள எந்த இடத்திலும் இடது காதை ஸ்பஞ்ச் வைத்து அடைக்க வேண்டும் என்றார். நானே கேட்டேன்: "பாட்டு, டாக்டர்?" அவர் நிமிர்ந்து பார்த்து, "சன்னமா வச்சுக் கேளுங்க. யாரு வேணாம்னா?" என்றார். இதற்கா நான் இத்தனை நாள் பயந்து ஒளிந்தேன்?

இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே காதில் கொடுக்கிற செட்டிங் போனில் இருக்கிறது. எல்லாப் பாட்டையும் அப்படிக் கேட்டுவிட்டேன். 'மூணாம் கேட்' மட்டும் போடவில்லை. போட்டு, அவள் குரல் வராமல் போய்விட்டால்? முட்டாள்தனம்தான். கை போகவில்லை.

நேற்று சாயங்காலம் வானகரம் மைதானத்தில் ஈரச் சிமெண்ட் கச்சேரி. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். கூட்டம், ஸ்பீக்கர், இருக்கிற ஒரு காது. அப்பாதான் டிக்கெட்டைச் சரணிடம் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார். "ரெண்டு டிக்கெட்டு. நானும் வரேன். அந்தப் பக்கம் எவனாச்சும் வந்து இடிச்சா ஒனக்குத் தெரியாதுல்ல" என்றார். தலையைச் சுற்றி அம்மாவின் மப்ளரைக் கட்டிக்கொண்டு, அத்தனை கறுப்பு டீ-ஷர்ட் பையன்களுக்கு நடுவில் கார்ஷெட் அப்பா! என் வலது பக்கமே நின்றார், நகரவே இல்லை. எனக்கு இடது காதில் ஸ்பஞ்ச். பேஸ் கிடார் நெஞ்சில் இடித்தது, மற்றதெல்லாம் தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி. பாதிப் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, இடது காது இருக்கிறதா இருக்கிறதா என்று அதையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக 'மூணாம் கேட்'. மேடையில் அந்தப் பெண் பதில் சொல்ல மாட்டாள், கூட்டம்தான் சொல்லும், அது எங்கள் ஆட்களின் வழக்கம். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை கேட்டான், "யாராச்சும் கீறீங்களா?" மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். இரண்டாவது தடவை கேட்டான். ஒரே அமைதி, எல்லோரும் காத்திருக்கிறார்கள். திடீரென்று முன்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பி என் வலது பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். நானும் திரும்பினேன். அப்பா கழுத்து நரம்பு புடைக்க, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு எழுத்து கேட்கவில்லை.

பஸ்ஸில் அவரை இடது பக்கம் உட்கார வைத்துக் கேட்டேன், "இன்னாப்பா அப்படிக் கத்துன?"

"அவன் கேட்டுகினே கீறான். ஒருத்தனும் வாயத் தொறக்கல. கீறேன்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?"

இன்று காலையில் எழுந்ததும் விரலை உரசிப் பார்த்தேன். கேட்டது. பயம் போகவில்லை பெனி, நாளைக்கும் உரசித்தான் பார்ப்பேன். ஆனால் இதை எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தப் பாட்டைப் போட்டேன். அவள் சொல்கிறாள்.

மதருக்கு என் நன்றியைச் சொல். நேரில் வந்து சொல்ல வேண்டும், அடுத்த பார்வையாளர் நாளுக்கு நாங்கள் மூவரும் வருகிறோம். அப்பா உனக்கு அதிரசம் கொண்டுவருவார். நீ அவருடைய இடது பக்கமோ வலது பக்கமோ எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள். என்னோடு பேசும்போது மட்டும் இடது பக்கம் வா.

உன்மேல் கோபமில்லாத அண்ணன்,
அலெக்ஸ்